யாரோடும் பழகாத நாய் யாருக்குக் காவல்?

“குட்டிய ஆருகிட்டயும் பழக உட்றாதீங்க. பழகிப்போச்சுன்னா காவலுக்கு ஆகாது.”

சேலம், நாமக்கல் பக்கம் நாய்க்குட்டி வாங்கி வருகிறவருக்கு, குட்டி வண்டியை விட்டு இறங்கும் முன்பே இந்த அறிவுரை வந்துவிடும். தீவனக் கடைக்காரர் சொல்வார், பக்கத்துத் தோட்டத்து அண்ணன் சொல்வார், குட்டியை விற்றவரே சொல்லி அனுப்புவார். கூடவே அதன் கிளை உபதேசங்களும் வரும். பகலெல்லாம் கட்டிப்போடு, இருட்டியதும் அவிழ்த்துவிடு. பிள்ளைகளோடு விளையாடினால் ரோசம் போய்விடும். ராத்திரி அழுதால் எட்டிப் பார்க்காதே. கையைக் கடித்தால் மூக்கிலேயே ஒன்று வை. வீட்டுக்குள் மூத்திரம் பெய்தால் மூஞ்சியை அதிலேயே தேய்.

இதில் ஒன்றுகூடத் தேறாது என்பது என் கட்சி. குட்டி வந்த முதல் மூன்று நான்கு மாதம் வீட்டில் நடக்கும் அல்லோலகல்லோலத்தில் பெரும்பங்கு குட்டியால் வருவதில்லை, இந்த உபதேசங்களால் வருகிறது. இவற்றை ஒழுங்காகக் கடைப்பிடித்து ஆளாக்கிய நாய்தான் பின்னாளில் பேரனைக் கடிக்கிறது.

ஆனால் சொல்கிறவர்களைக் கேலி செய்துவிட்டுப் போக முடியாது. அவர்களுடைய பயம் நிஜம். எங்கள் பக்கத்துத் தோட்டத்து வீடுகள் ஊருக்குள் ஒட்டி இருப்பவை அல்ல. ராசிபுரத்திலிருந்து திருச்செங்கோடு வரைக்கும், பரமத்தி வேலூர் ஆற்றோரத்திலும், காட்டுக்கு நடுவில் ஒற்றை வீடு, அதில் வயதான இரண்டு பேர், பிள்ளைகள் சென்னையிலோ வெளிநாட்டிலோ. 2024 நவம்பரில் பல்லடம் அருகே சேமலைக்கவுண்டன்பாளையத்தில் ஒரே குடும்பத்தில் மூன்று பேர் கொலையானார்கள். 2025 மே மாதம் ஈரோடு மாவட்டம் சிவகிரி அருகே தோட்டத்து வீட்டில் வயதான தம்பதி கொல்லப்பட்டுக் கிடந்தார்கள். அதற்குப் பிறகு கொங்கு வட்டாரத்தில் கேமரா மாட்டாத தோட்டம், நாய் தேடாத வீடு குறைவு. தனியாக இருக்கும் அப்பாரும் ஆத்தாவும் ஒரு நல்ல காவல் நாய் வேண்டும் என்று கேட்டால் அது முழு நியாயம். நான் மறுப்பது அந்தத் தேவையை அல்ல. அந்தத் தேவைக்காகக் கையாளும் வழி அந்தத் தேவைக்கே எதிரானது என்பதுதான் வழக்கு.

காவல் என்றால் என்ன வேலை என்று முதலில் பார்ப்போம். ஒரு சாதாரண நாளில் நம் தோட்டத்துக்கு வருகிறவர்களை எண்ணுங்கள். விடிகாலையில் பால்காரர். கோழிப்பண்ணை இருந்தால் தீவன லாரி, முட்டை ஏற்ற வண்டி, ஏற்றுகிற ஆட்கள். மரவள்ளி பிடுங்கும் காலத்தில் முகம் தெரியாத பத்துப் பேர். கேஸ் சிலிண்டர் போடும் தம்பி, மீட்டர் பார்க்க வரும் மின்வாரியக்காரர், தலையில் புல்லுக்கட்டோடு வரப்பு வழியாகக் குறுக்கே போகும் அக்கா. இத்தனை பேரில் தப்பான ஆளைப் பிரித்தறிவதுதான் நாயின் வேலை. பிரித்தறிய வேண்டுமென்றால் சரியான ஆள் எப்படி இருப்பார், எப்படி நடப்பார், எந்த நேரத்தில் வருவார் என்பது அதற்குத் தெரிந்திருக்க வேண்டும். எசமானைத் தவிர வேறு மனித வாடையே படாமல் வளர்ந்த நாய்க்குப் புல்லுக்கட்டு அக்காவும் திருடனும் ஒன்றுதான். இரண்டு பேரையும் பார்த்து ஒரே மாதிரி குரைக்கும். நாள் முழுக்கக் குரைக்கும் நாயின் சத்தம் ஒரு மாதத்தில் வீட்டாரின் காதில் விழாமலே போய்விடும். கடைசியில் வருகிறவன் வரும்போதும் “அது அப்படித்தான் கத்திக்கிட்டே கெடக்கும்” என்று திரும்பிப் படுத்துக்கொள்வார்கள்.

“பழகவிடாதே” என்பதை யாரும் ஒழுங்காகச் சோதித்துப் பார்த்ததில்லை என்று நினைக்க வேண்டாம். சோதித்தார்கள். அமெரிக்காவில் மெய்ன் மாநிலத்தின் பார் ஹார்பரில் ஜாக்சன் ஆய்வகம் இருக்கிறது. அங்கே ஃப்ரீட்மன், கிங், எலியட் என்ற மூவர் செய்த சோதனை 1961-இல் ‘சயின்ஸ்’ இதழில் வந்தது. உயரமாக வேலி அடைத்த வெளியில் காக்கர் ஸ்பானியல், பீகிள் இனக் குட்டிகளைத் தாயோடு விட்டார்கள். தீனியும் தண்ணீரும் ஆள் முகம் தெரியாமல் வேலியின் ஓட்டை வழியாகப் போயின. இரண்டாவது வாரத்தில் சில குட்டிகள், மூன்றாவதில் சில, பிறகு ஐந்து, ஏழு, ஒன்பதாவது வாரங்களில் சில என்று பிரித்து எடுத்து, ஒவ்வொரு பிரிவையும் ஒரு வாரம் மட்டும் மனிதரோடு இருக்கவைத்துத் திருப்பி விட்டார்கள். ஒரு பிரிவை மட்டும் 14 வாரம் வரை எடுக்கவே இல்லை.

ஐந்திலிருந்து ஒன்பது வாரத்துக்குள் மனிதரைப் பார்த்த குட்டிகள், அந்த ஒரே வாரப் பழக்கத்தை வைத்துக்கொண்டே பிறகு ஆட்களிடம் சரளமாக வந்தன. 14 வாரம் தனித்து வளர்ந்தவை காட்டு மிருகம்போல ஆகிவிட்டன. எவ்வளவு தடவிக் கொடுத்தும், எவ்வளவு தீனி காட்டியும் அவற்றை முழுதாகத் திருப்ப முடியவில்லை. காக்கர் ஸ்பானியலும் பீகிளும் மனிதனிடம் ஒட்டிக்கொள்வதற்கென்றே பேர்போன இனங்கள் என்பதையும் சேர்த்துப் பாருங்கள். அதே ஆய்வகத்தின் ஸ்காட், ஃபுல்லர் இருவரும் பல ஆண்டு வேலையைத் தொகுத்து 1965-இல் புத்தகமாகவே போட்டார்கள். மூன்றாவது வாரத்தில் திறக்கும் ஒரு கதவு பன்னிரண்டு, பதினான்கு வாரத்தில் சாத்திக்கொள்கிறது என்பதுதான் அதன் சாரம். அந்தக் கதவு திறந்திருக்கும்போது பார்த்ததெல்லாம் அதற்கு உலகம். சாத்திய பிறகு வருவதெல்லாம் பயம்.

நம் தோட்டத்தில் நடப்பது இதில் பாதி. எசமான் சோறு வைக்கிறார், அதனால் எசமானிடம் மட்டும் ஒட்டிக்கொள்கிறது. “பாத்தீங்களா, என்னைத் தவிர ஒருத்தரும் கிட்ட போக முடியாது” என்று அவருக்குப் பெருமையாகவும் இருக்கிறது. அந்தப் பெருமை அவர் ஒரு வாரம் ஆஸ்பத்திரியில் படுத்தால் தெரியும். சோறு வைக்கப் போகிறவர் வீட்டம்மாவானாலும் பல்லைக் காட்டும்.

“ராஜபாளையம், கோம்பை, கன்னி மாதிரி நாட்டு இனம் பிறவியிலேயே கடி, அதுக்கு இதெல்லாம் ஒத்துவராது” என்று ஒரு துணைவாதம் வரும். பிறவியிலேயே சந்தேகப் புத்தி உள்ள இனம் என்பது உண்மையே. அப்படியானால் சின்னதில் அதிகம் பழக்க வேண்டியது அதைத்தானே? லாப்ரடாரைக் கட்டிப்போட்டு வளர்த்தால் ஒரு மக்கு நாய் கிடைக்கும். கோம்பையைக் கட்டிப்போட்டு வளர்த்தால் போலீஸ் ஸ்டேஷன் போக வேண்டியிருக்கும்.

அடுத்தது, எல்லா வாதமும் தோற்றபின் எடுக்கும் அஸ்திரம்: “எங்க அப்பாரு காலத்துல இப்படித்தான் வளத்தாங்க. இவ்வளவு யோசனையா பண்ணுனாங்க?”

அப்பாரு அப்படி வளர்க்கவில்லை. அவர் காலத்தில் நாய்க்குச் சங்கிலி வாங்கக் காசு யாரிடம் இருந்தது? குட்டி களத்துமேட்டில் பிறந்தது, ஆட்டுப்பட்டியில் படுத்தது. பிள்ளைகள் அதன் காதைப் பிடித்து இழுத்தார்கள், நாற்று நடவு ஆட்கள் மிச்சச் சோற்றைப் போட்டார்கள், கோயில் நோம்பியின் பறைச் சத்தத்தை அது தாயின் வயிற்றோரம் படுத்தபடியே கேட்டது. கதவு திறந்திருந்த அத்தனை வாரமும் ஊரே அதைப் பழக்கியது. யாரும் அதை ஒரு வேலையாகச் செய்யவில்லை என்பதால் நடந்ததாகவே யாருக்கும் நினைவில்லை. அந்த நாய்தான் வளர்ந்தபின் பகலில் வழிப்போக்கரைச் சும்மா விட்டு, ராத்திரி பட்டிக்குள் கால் வைத்தவன் தொடையைக் கவ்வியது. காம்பவுண்டு சுவரும், காசு கொடுத்து வாங்கிய சாதி நாயும், ‘திருட்டுப் போய்விடுமே’ என்ற பயமும் வந்த பிறகு வந்ததுதான் சங்கிலி. அதைப் பாரம்பரியம் என்று சொல்வது பாரம்பரியத்துக்குச் செய்யும் அவமரியாதை.

அப்பாரு காலத்துக் கணக்கில் இன்னொரு பக்கமும் எழுதப்படவில்லை. வைக்கோல் போருக்கடியில் போட்ட குட்டிகளில் பாதிக்கு மேல் பேதியிலும் குடற்புழுவிலும் போய்ச் சேர்ந்தன. பிழைத்த ஒன்றிரண்டைப் பார்த்து “தானா வளந்துச்சு” என்கிறோம்.

திருச்செங்கோட்டுப் பக்கம் ஒரு தோட்டத்தில் கட்டிப்போட்டே வளர்த்த நாய் ஒன்றைப் பார்த்தேன். வேப்பமரத்தில் சங்கிலி. சங்கிலி எட்டும் நீளத்துக்கு மரத்தைச் சுற்றி வட்டமாக மண் தேய்ந்து, ஒரு புல் இல்லாமல், களம்போல மெழுகி வைத்தாற்போல் இருந்தது. வட்டத்தின் விளிம்பில் மட்டும் நகம் கீறிய பள்ளம். யாரைப் பார்த்தாலும் அங்கே வந்து எம்பி நிற்பதால் விழுந்தது. கழுத்துப் பட்டை உராய்ந்த இடத்தில் முடி இல்லை. நாங்கள் பேசிக்கொண்டிருந்த நேரம் முழுக்கக் கத்தியது. நான் நாலடி கிட்டே போனதும் வாலை இடுக்கிக்கொண்டு மரத்துக்குப் பின்னால் போய்விட்டது. “சரியான கடி நாயிங்க” என்றார் தோட்டக்காரர். கடிக்கும், சந்தேகமில்லை. முதுகைக் காட்டுகிறவரை, குழந்தையை, ஓடுகிறவரைக் கடிக்கும். நின்று முறைக்கிறவனிடம் அது மரத்துக்குப் பின்னால்தான் போகும். திருட வருகிறவன் நின்று முறைப்பான்.

நாயை ஓயாமல் கட்டிவைப்பது சட்டப்படியும் தப்பு என்பது பலருக்குத் தெரியாது. 1960-ஆம் ஆண்டு விலங்குவதைத் தடுப்புச் சட்டத்தின் 11-ஆவது பிரிவு, அளவுமீறிக் குட்டையான அல்லது கனமான சங்கிலியில் நெடுநேரம் கட்டுவதையும், வழக்கமாகக் கட்டிவைக்கும் நாயை நடமாட விடாமல் இருப்பதையும் பெயர் சொல்லியே குற்றம் என்கிறது. முதல் தடவைக்கு அபராதம் பத்து ரூபாய்க்குக் குறையாமல் ஐம்பது ரூபாய்க்கு மிகாமல்! சங்கிலியின் விலை அதைவிட அதிகம். இந்தச் சட்டத்தை நம்பி எந்த நாயும் பிழைக்கப் போவதில்லை.

‘சின்னதிலேயே தூக்கி வந்தால்தான் நம்மிடம் ஒட்டும்’ என்பது இதே நோயின் இன்னொரு அறிகுறி. முப்பது நாள் குட்டியைப் பையில் போட்டுக் கொண்டுவந்து விடுகிறார்கள். நாய் இனப்பெருக்கம், விற்பனை பற்றிய 2017-ஆம் ஆண்டு மத்திய விதிகள் எட்டு வாரத்துக்குக் குறைந்த குட்டியை விற்கக்கூடாது என்கின்றன. அந்த எட்டு வாரத்துக்குக் காரணம் இருக்கிறது. கூடப்பிறந்ததை அழுத்திக் கடித்தால் அது கத்திவிட்டு விளையாட்டை நிறுத்தும். தாயை அழுத்திக் கடித்தால் தாய் எழுந்து போய்விடும். எவ்வளவு அழுத்தினால் வலிக்கும் என்ற பாடம் இப்படித்தான் ஏறுகிறது. அந்தப் பள்ளிக்கூடத்தை விட்டுப் பாதியில் இழுத்துவந்த குட்டிதான் நம் கையைக் கிழிக்கிறது. பிறகு “இது ரொம்பக் கடிக்குதுங்க” என்று மூக்கில் அடி விழுகிறது. பால் மறக்காத குட்டிக்குப் பசும்பாலை ஊற்றுவதும் அப்போதுதான். நாய்ப் பாலில் உள்ள கொழுப்பிலும் புரதத்திலும் பாதிகூடப் பசும்பாலில் இல்லை, லாக்டோஸ் மட்டும் கூடுதல். மறுநாள் பேதி. பேதி என்றதும் பார்வோ என்று வீடே பதறும்.

பார்வோ என்ற சொல் வந்துவிட்டதால், என் கட்சிக்கு எதிரான உருப்படியான ஒரே வாதத்துக்கு வருகிறேன். “ஊசி போட்டு முடிக்கிற வரைக்கும் குட்டியை வெளியே விடாதீங்கன்னு டாக்டரே சொல்றாரே?” சொல்கிறார், சரியாகவே சொல்கிறார். 1978-இல் உலகுக்குத் தெரியவந்த இந்த வைரஸ் குட்டியின் குடலை அரித்து, ரத்தப் பேதியாக்கி, இரண்டு மூன்று நாளில் ஆளை முடித்துவிடும். மண்ணில் மாதக்கணக்கில் உயிரோடு கிடக்கும். பினாயில் அதை ஒன்றும் செய்யாது, ப்ளீச்சிங் பவுடர் கரைசல்தான் கொல்லும். தாய்ப்பால் வழியாக வந்த எதிர்ப்புச் சக்தி குட்டியின் ரத்தத்தில் இருக்கும்வரை ஊசி மருந்து சரியாகப் பிடிக்காது. அந்தச் சக்தி எந்த வாரம் தீரும் என்பது குட்டிக்குக் குட்டி மாறும். அதனால்தான் ஆறு முதல் எட்டு வாரத்தில் தொடங்கி, மூன்று நான்கு வாரத்துக்கு ஒரு தடவை, பதினாறு வாரம் தாண்டும்வரை போடச் சொல்கிறார்கள். ஒரு ஊசியோடு நிறுத்திவிட்டு “ஊசி போட்டும் செத்துப்போச்சு” என்கிறவர்கள் இந்தக் கணக்கை யாரிடமாவது கேட்டுக்கொள்வது நல்லது.

இங்கே ஒரு முடிச்சு விழுகிறது. பழக்கும் கதவு பன்னிரண்டு, பதினான்கு வாரத்தில் சாத்துகிறது. ஊசி முடிவதோ பதினாறில். ஒன்றுக்காகக் காத்திருந்தால் மற்றது போச்சு. அமெரிக்காவின் கால்நடை நடத்தையியல் மருத்துவர்கள் சங்கம் 2008-இலேயே இதற்கு விடை சொல்லிவிட்டது: முதல் ஊசியும் குடற்புழு மருந்தும் கொடுத்து ஏழு நாள் ஆனதும், ஏழெட்டு வாரத்திலேயே பழக்கத் தொடங்கலாம், தொடங்க வேண்டும் என்று. டாக்டர் “வெளியே விடாதீங்க” என்றால் தெரு மண்ணில் விடாதே, மற்ற நாய் கழிந்த இடத்தில் மோப்பம் பிடிக்க விடாதே என்று பொருள். ‘மனிதர் முகத்தில் விழிக்க விடாதே’ என்று அவர் சொல்லவில்லை. நம்மவர் இரண்டையும் ஒன்றாக்கி, டாக்டர் வாயாலேயே சங்கிலிக்கு அனுமதி வாங்கிக்கொள்கிறார்கள்.

வழி இருக்கிறது. குட்டியை மடியில் வைத்துக்கொண்டு வாசல் திண்ணையில் அரைமணி உட்காருங்கள். பால்காரரிடம் ஒரு துண்டு வேகவைத்த முட்டை கொடுத்து அவர் கையால் ஊட்டச் சொல்லுங்கள். முட்டைக்கு நாமக்கல்லிலா பஞ்சம்? எக்ஸெல் வண்டியின் முன்பக்கம் கூடை வைத்துச் சந்தை வரைக்கும் போய் வாருங்கள், கீழே மட்டும் இறக்காதீர்கள். ஹெல்மெட் போட்டவர், குடை பிடித்தவர், கைத்தடி ஊன்றுகிறவர், பர்தா அணிந்தவர், பள்ளிக்கூடச் சீருடைப் பிள்ளைகள், பக்கத்துக் காட்டில் ஓடும் போர்வெல் ரிக்கின் இரைச்சல் எல்லாம் கையில் இருந்தபடியே அறிமுகமாகட்டும். குட்டி ஒதுங்கினால் வற்புறுத்தாமல் தள்ளி உட்காருங்கள். நாமக்கல்லில் 1985 முதல் கால்நடை மருத்துவக் கல்லூரி இருக்கிறது, தலைவாசலில் இன்னொன்று வந்துவிட்டது. இவ்வளவு அருகில் கேட்க ஆள் இருக்கும்போது தீவனக் கடையில் வைத்தியம் கேட்கும் வழக்கம் மட்டும் இன்னும் மாறவில்லை.

ராத்திரி அழுகைக்கு வருவோம். “ரெண்டு நாள் அழுவும், மூணாம் நாள் அடங்கிரும்” என்பார்கள். அடங்கும்தான். கத்தினாலும் யாரும் வரமாட்டார்கள் என்று தெரிந்துகொண்டு அடங்கும். எட்டு வாரம் உடன்பிறப்புகளின் சூட்டில் தூங்கியதைக் கொண்டுவந்து இருட்டுத் தாழ்வாரத்தில் கட்டிப்போட்டால் அது வேறென்ன செய்யும்? முட்டை அட்டைப்பெட்டி ஒன்றில் பழைய சேலையைப் போட்டு உங்கள் கட்டிலை ஒட்டி வையுங்கள். முனகினால் கையைத் தொங்கவிடுங்கள், போதும். இரண்டு மாதக் குட்டியால் மூத்திரத்தை ராத்திரி முழுக்க அடக்க முடியாது, நடுவில் ஒரு தடவை வெளியே தூக்கிப்போக வேண்டும். பகலில் தூங்கி எழுந்ததும், தின்றதும், விளையாடி முடித்ததும் ஒரே இடத்துக்குக் கொண்டுபோய் விட்டால் சில வாரத்தில் பிடித்துக்கொள்ளும். மூஞ்சியைத் தேய்த்துக் கற்றுக்கொடுத்த வீடுகளில் குட்டி கற்றுக்கொண்டது ஒன்றே ஒன்று: இந்த ஆள் கண்ணில் படாமல் பீரோவுக்குப் பின்னால் போய்விட வேண்டும்.

கவனித்திருக்கிறீர்களா, இந்த உபதேசம் செய்கிற அத்தனை பேரும் ஆண்கள். பீரோவுக்குப் பின்னால் துடைக்கிறவர், நடுராத்திரி எழுகிறவர், கிழிந்த சேலையைத் தைக்கிறவர் எவரும் இந்தப் பேச்சில் கருத்துச் சொல்லக் கேட்டதில்லை. கேட்டிருந்தால் சங்கிலி எப்போதோ கழன்றிருக்கும்.

கடிக்கும் குட்டியை அடிப்பதும் வீண். நாலாவது மாதம் வாக்கில் பால்பல் இருபத்தெட்டும் விழத் தொடங்கி, ஏழாவது மாதத்துக்குள் நாற்பத்திரண்டு நிலைப்பல் வந்துவிடும். ஈறு ஊறுகிறது, எதையாவது கடித்தாக வேண்டும். பழந்துணியை முறுக்கி நனைத்துக் கொடுங்கள். கையைக் கடித்தால் எழுந்து போய்விடுங்கள், தாய் செய்ததைத்தான் நீங்களும் செய்கிறீர்கள். ஒரு விஷயத்தில் மட்டும் எவர் பேச்சையும் கேட்காதீர்கள். ‘குட்டிப் பல்லு பட்டா ஒண்ணும் ஆகாது’ என்பது உயிரைக் குடிக்கும் பொய். குட்டிக்கும் வெறிநோய் வரும், குட்டியிடமிருந்தும் வரும். தோல் கீறினால் சோப்புப் போட்டு ஓடும் தண்ணீரில் கால்மணி நேரம் கழுவிவிட்டு, அன்றைக்கே அரசு ஆஸ்பத்திரிக்குப் போங்கள், ஊசி அங்கே இலவசம். மூன்று மாதம் ஆனதும் குட்டிக்கும் வெறிநோய்த் தடுப்பூசி போட்டுவிடுங்கள்.

மிச்சம் இருப்பது ஒரு கேள்வி. “இவ்வளவு பேரோட பழகுனா திருடன் வந்தாலும் வாலாட்டுமே?” நாலு மாதக் குட்டி வாலாட்டும். சங்கிலியில் வளர்த்த நாலு மாதக் குட்டி கட்டிலுக்கடியில் போய் ஒளியும். இரண்டும் காவல் இல்லை. தன் இடம், தன் ஆட்கள் என்ற எண்ணம் நாய்க்கு ஆறேழு மாதத்துக்கு மேல்தான் முளைக்கும், ஒன்றரை வயது வாக்கில் கெட்டிப்படும். யாரும் சொல்லித்தராமலே ஒருநாள் ராத்திரி கேட்டுப் பக்கம் காதைத் தூக்கி, அடித்தொண்டையில் உறுமும். பகலில் வந்துபோகிறவர்களை அறிந்த நாய் அப்படி உறுமினால் எழுந்து டார்ச் அடித்துப் பார்க்கலாம், காரணம் இருக்கும். அதுவரைக்கும் தோட்டத்தைக் காக்கிற பொறுப்பைப் பால்பல் விழாத ஒன்றின் தலையில் ஏற்றாமல், கேட்டுக்கு ஒரு விளக்கும் பின்கதவுக்கு ஒரு நல்ல தாழ்ப்பாளும் போடுங்கள்; பக்கத்துத் தோட்டத்து அண்ணன் நம்பரையும் போனில் முதல் ஆளாகப் பதிந்து வையுங்கள். அவருடைய நாய் யோசனைகளை மட்டும் கேட்க வேண்டாம்.